முகத்துக்கு வெயில் காப்புக் களிம்பு: தேர்ந்தெடுக்கும் முறை

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் உள்ள கோரமண்டல் அவ்வயலைச் சேர்ந்த குடியிருப்புகளுள் ஒன்றாகும். சுரங்க வேலையை நாடி வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். நூறாண்டுக்கு மேலாக இம்மக்களுள் பலருடைய உழைப்பு நிலத்துக்கு அடியிலேயே நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் உழைப்பு நிலத்துக்கு மேல் வந்தது. கட்டட வேலை, தெருவோர வாணிகம், வயல் வேலை, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று செய்யும் வேலை என்று அது பலவாறாகப் பிரிந்தது. இவற்றுள் பல, வெயிலில் நின்று செய்ய வேண்டியவை.

வெயிலினால் முகம் கறுக்கிறது, எரிகிறது, தடிக்கிறது என்று கூறுவோர் எல்லா ஊர்களிலும் உண்டு. இதற்கு எந்தக் களிம்பு நல்லது என்னும் கேள்வி களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமும் வருவது இயல்பே. கடைகளில் 'சன்ஸ்க்ரீன்' என்ற பெயரால் விற்கப்படும் வெயில் காப்புக் களிம்புகள் இன்று பல வகையாக உள்ளன. ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவது மேற்கண்ட கேள்விக்கு விடையாகாது. இன்னாருக்கு அது தேவைதானா, உறையில் அச்சிட்ட குறிகளின் பொருள் என்ன, எவ்வளவு பூச வேண்டும் என்னும் மூன்றையும் அறிந்தவரே சரியான களிம்பைத் தேர்ந்தெடுக்க முடியும். விலையும் விளம்பரமும் இம்மூன்றையும் சொல்வதில்லை.

சூடு வேறு, புற ஊதா வேறு

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். வெயிலின் கொடுமையை நாம் சூட்டைக் கொண்டு அளக்கிறோம். ஆனால் தோலைக் கறுக்கச் செய்வதிலும் சிவக்கச் செய்வதிலும் முதன்மையாக நிற்பவை கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள். அவை உடலில் பட்டாலும் சூடு தோன்றாது. வெப்ப உணர்ச்சியைத் தருபவை பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களும் சுற்றியுள்ள காற்றும் ஆகும்.

இவ்வேறுபாட்டுக்குத் தங்கவயலே சிறந்த எடுத்துக்காட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டிருந்தது. அதன் அடிமட்டத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடைக் கடந்தது. அங்கே சூடு மிகுதி. சூரியனின் புற ஊதாக் கதிரோ சிறிதும் இல்லை. அதே ஊரின் மேற்பரப்பில், ஜனவரி மாதத்துக் குளிர்ந்த காற்று வீசும் நண்பகலில், சூடு குறைவு. புற ஊதாக் கதிரோ மிகுதி. பீடபூமியின் இதமான காற்றை நம்பி, வெயில் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணுபவர் ஏமாந்து போகிறார்.

தென்னிந்தியாவில் இக்கதிர் மிகுந்திருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ஆண்டு முழுவதும் சூரியன் வானில் உயர்ந்து செல்வது. இரண்டாவது, புற ஊதாக் கதிரை வடிகட்டும் ஓஸோன் படலம் வெப்ப மண்டலத்தின் மேல் மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருப்பது. பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் ஓஸோன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். கோடைக்கானலிலும் பல ஆண்டுகளாக ஓஸோன் அளவு கணிக்கப்பட்டு வந்தது. மூன்றாவது காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் செறிவு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். மெல்லிய மேகம் இக்கதிரைப் பெரிதும் தடுப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நிலத்தை வந்தடையும் புற ஊதாக் கதிர்கள் இரு வகை. அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளது 'பி' வகை. 315 முதல் 400 வரை உள்ளது 'ஏ' வகை. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். 'பி' வகை அளவிற் சிறிது. ஆனால் தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பதில் ஆற்றல் மிக்கது. 'ஏ' வகை அளவிற் பெரிது. அது தோலினுள் ஆழமாகச் சென்று கருமையையும் நாளடைவில் சுருக்கத்தையும் உண்டாக்குகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 'பி' வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

நிழலைக் கொண்டு வெயிலை அளத்தல்

கருவி ஏதுமின்றிப் புற ஊதாக் கதிரின் வலிமையை அறிய ஓர் எளிய வழி உண்டு. திறந்தவெளியில் நிற்பவரின் நிழல் அவருடைய உயரத்தைவிடக் குறுகியிருந்தால், சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகைக்கு மேல் உள்ளது. அப்போது காப்பு வேண்டும். நிழல் நீண்டிருந்தால் அபாயம் குறைவு.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள கழியை நட்டுச் செய்து காட்டலாம். தங்கவயல் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 24ஆம் நாளையும் ஆகஸ்டு 18ஆம் நாளையும் ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கழியின் நிழல் மறைந்துவிடும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணிக்கப்பட்டது. தங்கவயலோ 78¼ பாகையை ஒட்டி உள்ளது. எனவே இங்கு உண்மையான நண்பகல் 12 மணிக்கு நிகழாமல் ஏறத்தாழ கால் மணி பிந்தி நிகழ்கிறது.

இதே கணக்கைத் தொடர்ந்தால், ஏப்ரல் மாத இறுதியில் காலை ஒன்பதே கால் மணி முதல் பிற்பகல் மூன்றே கால் மணி வரையில் நிழல் குறுகியிருக்கும். டிசம்பர் மாத இறுதியிற்கூட ஏறத்தாழ பத்தரை மணி முதல் இரண்டு மணி வரையில் அது குறுகியே இருக்கும். குளிர்காலத்தில் காப்பு வேண்டாம் என்பது இப்பகுதிக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும். விடியற்காலை ரயிலில் சென்று, நாள் முழுவதும் கட்டடத்துக்குள் பணி செய்து, மாலையில் திரும்புபவருக்கும், பதினொரு மணிக்கு வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியருக்கும் தேவை ஒன்றன்று. தேர்வு இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இன்றியமையாதது எவருக்கு?

நமது தோலின் நிறமே ஓரளவு காப்பு ஆகும். கருநிறத் தோலின் மேற்படலம் ஏறத்தாழ 13 என்னும் காப்பு எண்ணுக்கும், வெண்ணிறத் தோலினுடையது 3 முதல் 4 வரை உள்ள எண்ணுக்கும் ஈடானவை என்று 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நம்மவரிடையே வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இதுவே பெருங்காரணம். ஆகையால் மேலைநாடுகளில் எல்லாருக்கும் கூறும் அறிவுரையை அப்படியே இங்கு எல்லாருக்கும் கூற வேண்டியதில்லை. நலமான தோலை உடைய ஒரு வயலாளுக்குக் குடையும் துண்டும் முழுக்கைச் சட்டையும் பெரும்பாலும் போதும். பின்வருவோருக்கு மட்டும் களிம்பு விருப்பப் பொருளன்று, தேவைப் பொருள்.

முதலாவதாகச் சொல்ல வேண்டியவர்கள், பிறவியிலேயே நிறமின்மை உடையவர்கள். மயிரும் தோலும் வெளிறிய இவர்களுக்கு இயற்கைக் காப்பு அறவே இல்லை. இளமையிலேயே தோல் சேதமுற்று, பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் அபாயம் இவர்களுக்கு உண்மையாகவே உண்டு. ஒரு வகுப்பில் இத்தகைய குழந்தை ஒன்று இருந்தால், அதன் எதிர்காலம் ஓரளவு ஆசிரியர் கையில் உள்ளது. இறைவணக்கமும் உடற்பயிற்சியும் வெயிலில் நடக்கையில் அக்குழந்தைக்கு நிழலில் இடம் தருக. சீருடை விதியைத் தளர்த்தி, அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிய விடுக. பெரும்பாலும் பார்வைக் குறைவும் உடன் இருப்பதால் முன்வரிசையில் அமர்த்துக. பெற்றோரைத் தோல் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் அனுப்புக. களிம்பு இவற்றோடு சேர வேண்டியது. இவற்றுக்குப் பதிலாக நிற்பதன்று.

வெண்திட்டு உள்ளவர்களுக்கும் அத்திட்டுகள் எளிதில் வெந்துவிடும். ஆயினும் அந்நோய்க்கு அளவான ஒளியே மருந்தாகவும் பயன்படுவதால், எப்போது பூசுவது, எப்போது விடுவது என்பதை மருத்துவரே கூற வேண்டும். கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்புப் படரும் மங்கு உள்ளவர்கள், வெயில் பட்ட சில மணி நேரத்தில் அரிப்பும் தடிப்பும் காண்பவர்கள், லூபஸ் என்னும் நோய் உடையவர்கள் ஆகியோரும் இவ்வரிசையில் சேர்வர்.

சில மருந்துகளும் தோலை வெயிலுக்கு எளிதில் ஆட்படச் செய்கின்றன. டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, வலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபென் ஆகியவை எடுத்துக்காட்டுகள். மருந்தைத் தாமே நிறுத்தாமல், தந்த மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை.

வேறொரு நோய் வெயில் நோய்போல் தோன்றி மயக்குவதும் உண்டு. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தரிசெங்கும் பரவியுள்ள பார்த்தீனியம் என்னும் காங்கிரஸ் களையின் நுண்துகள் காற்றில் வந்து படிவதால், இமை, முகம், கழுத்து ஆகிய இடங்கள் தடித்து அரிக்கும். வெயிலில் இது மிகும். இந்நிலையில் களிம்பை மாற்றி மாற்றிப் பூசிப் பயனில்லை. களையிலிருந்து விலகுவதும் மருத்துவமுமே வழி.

உறையில் உள்ள குறிகள்

எஸ்.பி.எஃப். என்பது காப்பு எண். களிம்பு பூசாத தோல் சிவப்பதற்கு வேண்டிய கதிரளவைப்போல் எத்தனை மடங்கு பட்டால் பூசிய தோல் சிவக்கும் என்பதை அது குறிக்கிறது. எண் 15 ஆயின், சிவக்கச் செய்யும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கு தோலை அடையும். அதாவது 93 விழுக்காடு தடுக்கப்படும். எண் 30 ஆயின் 97 விழுக்காடும், எண் 50 ஆயின் 98 விழுக்காடும் தடுக்கப்படும். முப்பதுக்கு மேல் எண் ஏறுவதற்கு ஏற்ப விலை ஏறலாம். தடுக்கும் விழுக்காடு மிகுதியாக ஏறுவதில்லை. நாட்காரியங்களுக்கு 30 போதும். நண்பகல் முழுவதும் வெளியில் நிற்பவரும், மேற்சொன்ன நோயுடையவரும் 50ஐக் கொள்ளலாம். மெல்லப் பூசும் வழக்கமுள்ளவருக்கு அது ஓரளவு ஈடு செய்யும்.

இவ்வெண் முதன்மையாக 'பி' வகைக் கதிரைப் பற்றியது. பழுப்பு நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. நம்மவர் முறையிடுவது கருமையைப் பற்றியே. ஆகவே நமக்கு 'ஏ' வகைக் காப்பும் அதே அளவு முக்கியம். இதனை அறிய, பி.ஏ. என்னும் எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 1996இல் தோன்றிய இம்முறையில் கூட்டல் குறி ஒன்று முதல் நான்கு வரை வரும். மூன்றோ நான்கோ இருப்பது நன்று. 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்னும் சொல் இருவகைக் கதிரையும் தடுக்கும் என்பதைக் குறிக்கும். எஸ்.பி.எஃப். மட்டும் இருந்து இவை இரண்டும் இல்லாத களிம்பைத் தவிர்க்கலாம்.

நமது நாட்டில் இக்களிம்புகள் 1940ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்துக்கும், 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி மாதம், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை உறையில் இருத்தல் வேண்டும். இவை இல்லாத பொருளைத் தொடவே வேண்டாம்.

களிம்பினுள் கதிரைத் தடுப்பவை

தடுப்புப் பொருள்கள் இரு குலத்தைச் சேர்ந்தவை. துத்தநாக ஆக்சைடும் டைட்டேனியம் டையாக்சைடும் கனிமக் குலம். இவற்றுள் டைட்டேனியம் நமக்கு அயலானதன்று. கேரளத்தின் சவரா, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி ஆகிய கடற்கரைகளில் காணும் கருமணலில் உள்ள இல்மனைட்டே அதன் தாதுப்பொருள்.

கனிமத் துகள்கள் சிறு கண்ணாடிகள்போல் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று பலர் எழுதுவர். அது பெரும்பாலும் சரியன்று. புற ஊதாக் கதிரில் சிறு பகுதியையே அவை சிதறடிக்கின்றன; பெரும்பகுதியை உறிஞ்சிக் கொள்கின்றன. துத்தநாக ஆக்சைடு 'ஏ' வகையின் பெரும்பரப்பைத் தடுப்பதில் மற்றதைவிட மேலானது. இவை தோலினுள் ஊடுருவுவது மிகச் சிறிதே. ஒவ்வாமை விளைவிப்பதும் மிக அரிது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட முன்மொழிவில், இருக்கும் சான்றுகளைக் கொண்டே பாதுகாப்பும் பயனும் உடையவை என ஏற்ற தடுப்புப் பொருள்கள் இவை இரண்டுமே. குறை ஒன்று உண்டு. பழுப்பு முகத்தில் சாம்பல் பூசியதுபோல் வெண்மை தெரியும்.

மற்றது கரிமக் குலம். அவோபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்சிபென்சோன், ஆக்டோகிரைலீன் முதலியவை இதில் அடங்கும். இவை வெண்மை காட்டா; பூசவும் இலேசானவை. ஆனால் சிலருக்குக் கண்ணில் எரிச்சல் தரும். அவோபென்சோன் தக்க துணைப்பொருள் இல்லையேல் வெயிலிலேயே சிதைந்துவிடும். ஆக்சிபென்சோன், வெயில் பட்டபின் தோன்றும் ஒவ்வாமைக்குப் பெயர் பெற்றது. கீட்டோப்ரோஃபென் ஒவ்வாதவருக்கு ஆக்டோகிரைலீனும் ஒவ்வாதிருக்கலாம். கரிம வகை யாவும் தீயவை என்பது இதன் பொருளன்று. பெரும்பாலோர் அவற்றை இடரின்றிப் பயன்படுத்துகின்றனர்.

எளிதில் எரியும் முகத்துக்கு

எரிச்சல் எளிதில் காணும் தோலுடையவர் துத்தநாக ஆக்சைடு சேர்ந்த கனிமக் களிம்பிலிருந்து தொடங்குவது நல்லது. அதில் வாசனைப் பொருள் சேர்க்கப்படாதிருத்தல் வேண்டும். முகம் எரிவதற்குத் தடுப்புப் பொருளைவிட வாசனைப் பொருளும் கெடாமற் காக்கும் இரசாயனமும் காரணமாவது உண்டு. சேர்பொருள்களின் பட்டியல் சிறிதாக இருப்பது நன்று.

மங்கு உள்ளவர் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள களிம்பைத் தேடலாம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் பழுப்புத் தோலைக் கறுக்கச் செய்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வொளியை வெண்களிம்பு நன்கு தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. சாம்பல் பூசிய தோற்றமும் இதனால் மறைகிறது. காலமைன் திரவத்தின் இளஞ்சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடே காரணம். ஆயினும் அது சோதித்து எண் இடப்பட்ட காப்பன்று.

எண்ணெய் வடியும் முகத்துக்கும் பருவுள்ள முகத்துக்கும் கூழ் வகையோ நீர்த்த வகையோ ஏற்றது. வறண்ட முகத்துக்குக் கெட்டிக் களிம்பு ஏற்றது. வியர்த்து உழைப்பவர், நீருக்கு 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று குறிப்பிட்டதை வாங்க வேண்டும்.

எந்தக் களிம்பையும் வாங்கியவுடன் முகம் முழுவதும் பூசலாகாது. சிறிதளவு எடுத்து முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாளைக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றாவிடில் முகத்துக்கு ஏற்கலாம். வெயில் பட்டபின் மட்டும் எரிந்தால், அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிழலும் துணியுமே காப்பு.

எவ்வளவு பூசுவது?

பலர் தவறுவது இவ்விடத்திலேதான். ஆய்வுக்கூடத்தில் காப்பு எண்ணைக் கணிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் களிம்பு பூசுகின்றனர். முகமும் கழுத்தும் சேர்ந்து ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு முறைக்கு 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி வைத்தால் இதனை ஒட்டிய அளவு கிடைக்கும். காது, பிடரி ஆகியவற்றை மறத்தலாகாது.

நாளைக்கு இருமுறை பூசினால் 2.4 கிராம் செலவாகும். 50 கிராம் குழாய் ஒன்று மூன்று வாரத்தில் தீர வேண்டும். ஒருவர் அதே குழாயை மூன்று மாதம் வைத்திருந்தால், அவர் ஒவ்வொரு முறையும் பூசியது 0.28 கிராம், தேவையில் கால் பங்குக்கும் குறைவு. அந்நிலையில் 30 என்று அச்சிட்ட களிம்பு ஒற்றை இலக்கக் காப்பையே தரக்கூடும். எனவே விலை மிகுந்த சிறு குழாயை வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட, விலை குறைந்த பெரிய குழாயை வாங்கித் தாராளமாகப் பூசுவதே அறிவுடைமை. இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.

வெளியே செல்வதற்குக் கால் மணி முன்னதாகப் பூச வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறையும், வியர்வையைத் துடைத்தபின்பும் மீண்டும் பூச வேண்டும். வெயிலும் தூசியும் பட்ட முகத்தை மாலையில் சாதாரண சோப்பினால் மெல்லக் கழுவினால் போதும்.

விலக்க வேண்டியவை

முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்பும் வெயில் காப்புக் களிம்பும் ஒன்றல்ல. வெளுப்பதற்கென்று விற்கப்படுபவற்றுள் பாதரசச் சேர்மம் கலந்தவை அவ்வப்போது அகப்படுகின்றன. பாதரசம் சிறுநீரகத்துக்குக் கேடு. இதனினும் பரவலானது ஸ்டீராய்டு களிம்புகளைத் தாமே வாங்கி முகத்தில் பூசும் வழக்கம். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் ஆகியவையும், மொமெட்டசோனுடன் ஹைட்ரோகுயினோனும் டிரெட்டினாயினும் சேர்ந்த கலவையும் இவ்வாறு பயன்படுகின்றன. முதற்சில வாரங்கள் முகம் தெளிவதுபோல் தோன்றும். பின்னர் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, பருவும் மயிரும் மிகுந்து, சிறு வெயிலும் பொறுக்காத நிலை வரும். களிம்பை நிறுத்தினால் எரிச்சல் பொங்கும். அதனால் மீண்டும் அதையே பூசுவர். வெயிலே ஒத்துக்கொள்ளவில்லை என்று வருபவரிடம், இதுவரை என்ன பூசினீர்கள் என்று களப்பணியாளர் முதலில் வினவ வேண்டும். 2018இல் மத்திய அரசு இவ்வகை ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது.

வீட்டுப் பண்டங்களிலும் எச்சரிக்கை வேண்டும். மஞ்சளும் சந்தனமும் நல்ல மணப்பொருள்கள். ஆனால் நம்பத்தக்க வெயில் காப்பு அல்ல. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கக்கூடும். குளியல் பொடிகள் சிலவற்றில் சேரும் கார்போக அரிசியில் சோராலென் என்னும் பொருள் உள்ளது. தோலை ஒளிக்கு எளிதில் ஆட்படுத்துவதாலேயே அது வெண்திட்டு மருத்துவத்துக்குப் பயன்படுகிறது. வெயில் பொறுக்காதவர் அத்தகைய பொடியை விலக்குவது நலம்.

நிழல், துணி, களிம்பு

1965ஆம் ஆண்டில் இயற்பியலறிஞர்கள் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடித் தங்கவயல் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை வைத்தனர். வானிலிருந்து வரும் பிற கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். கதிரைத் தடுக்க இடையில் ஒரு பொருள் வேண்டும் என்னும் அதே விதி தோலுக்கும் பொருந்தும். கருங்குடை ஒன்று தெளிந்த நாளின் புற ஊதாக் கதிரில் தொண்ணூறு விழுக்காட்டையும் அதற்கு மேலும் தடுப்பதாக ஓர் அமெரிக்கச் சோதனையில் காணப்பட்டது. அதனை இரண்டு மணிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதில்லை, ஒவ்வாமையும் இல்லை. எனினும் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சிதறி வரும் கதிரைக் குடை தடுக்காது. குடை பிடித்துக்கொண்டு கலவை சுமக்கவும் இயலாது. துணியும் குடையும் எட்டாத அம்முகப் பரப்புக்கே களிம்பு வேண்டும்.

வெயிலை முற்றிலும் பகையாகக் கருதவும் வேண்டா. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' தோலில் உண்டாவதற்குப் புற ஊதா 'பி' கதிர் தேவை. முகத்துக்குக் களிம்பு பூசியவர் கை கால்களில் சிறிது வெயில் படச் செய்யலாம். ஆனால் நிறமின்மை, லூபஸ் முதலியன உடையவர் இதற்கும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று, வைட்டமினை வேறு வழியில் கொள்ள வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறின்:

1. நிழல் குறுகியிருக்கும் நேரத்தில் காப்பு வேண்டும். காற்றின் குளிர்ச்சியை நம்பலாகாது.

2. முதலில் நிழல், அடுத்துக் குடை, தொப்பி, துணி. அதன் பின்னரே களிம்பு.

3. காப்பு எண் 30 அல்லது 50, பி.ஏ. கூட்டல் குறி மூன்று அல்லது நான்கு. உரிம எண்ணும் கடைசி மாதமும் உறையில் இருத்தல் வேண்டும்.

4. எளிதில் எரியும் முகத்துக்கு வாசனையற்ற துத்தநாக ஆக்சைடு களிம்பு. மங்கு உள்ள முகத்துக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்தது.

5. முன்கையில் ஒரு வாரம் சோதித்த பின்னரே முகத்தில் பூசுக.

6. இருவிரல் நீளத்துக்கு எடுத்து, இரண்டு மணிக்கு ஒரு முறை பூசுக.

7. வெளுப்புக் களிம்பையும், மருத்துவர் சீட்டில்லாத ஸ்டீராய்டையும் முகத்தில் இடலாகாது.

முகத்தை வெளுக்கச் செய்வது இக்களிம்பின் நோக்கமன்று. எந்த நிறத் தோலாயினும் அதனை நோயின்றிக் காப்பதே அதன் வேலை. பணம் குறைவாக உள்ள இடத்தில், நிறமின்மையோ வெண்திட்டோ உள்ள ஒரு குழந்தைக்கு அக்களிம்பு முதலில் கிடைக்கும்படி செய்வது நம் பொறுப்பாகும்.